பாட்டுப் புத்தகத்தில் ஒளிந்திருந்த பாலக்காட்டுக் குடும்பம்

மூணாற்றுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கோயில். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் மலையாள ஆராதனை. இரண்டுக்கும் ஒரே ஆர்மோனியம், வாசிப்பவரும் ஒருவரே. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இந்த மலைச் சனங்கள் எப்படிப் பாடுகிறார்கள் என்று பதிவு செய்யத்தான் போயிருந்தேன். தமிழ் ஆராதனை முடிந்ததும் ஒலிப்பதிவுக் கருவியை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். மலையாளக்காரர்கள் வந்து உட்கார்ந்து முதல் பாட்டை எடுத்தார்கள். அவசரமாகக் கருவியை மறுபடி வெளியே எடுத்தேன்.

மொழிதான் மலையாளம். பாட்டின் உடம்பு எனக்குப் பழக்கமான உடம்பு. பல்லவி இருந்தது, சரணங்கள் இருந்தன. அடிக்கு அடி இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தது. ஒவ்வொரு சரணமும் முடிகிற இடத்தில் குரல்கள் இறங்கி வந்து பல்லவியின் வாசலில் நின்றன. பரலோக மணவாளனைப் பார்க்கத் தவிக்கும் மணவாட்டியின் ஏக்கம் அந்தப் பாட்டு. நாயகி பாவத்தில் ஊறிய ஒருவர்தான் இதை எழுதியிருக்க முடியும் என்று தோன்றியது.

"அண்ணே, இது யார் பாட்டு?"

"அது தெரியல தம்பி. பழைய பாட்டு. எங்க ஐயரைத்தான் கேக்கணும்" என்றார் ஆர்மோனியக்காரர். மலையில் வாழும் தமிழ்க் கிறித்தவர்களுக்குப் போதகர் எப்போதும் ஐயர்தான், மலையாளிகளுக்கு அச்சன். சொல்லிக்கொண்டே ஆர்மோனியக்காரர் புத்தகத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். ஆசிரியர் பெயர் இருந்தது: யுஸ்துஸ் யோசேப்பு.

அந்தப் பெயர்தான் என்னை இழுத்தது. கேரளத்துச் சுரியானிக் கிறித்தவக் குடும்பங்களின் பெயர்கள் எனக்கு ஓரளவு பழக்கம். வர்க்கி, குரியன், சாக்கோ, மத்தாயி என்று தாத்தா பெயர் பேரனுக்கு வந்துகொண்டே இருக்கும். யோசேப்பு அங்கே ஔசேப்பு ஆகிவிடும். யுஸ்துஸ் என்று ஒரு தாத்தாவும் அங்கே கிடையாது. லத்தீன் பெயர் அது. நீதிமான் என்று பொருள். யோசேப்பும் யுஸ்துவும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வரும் இடம் அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரம். யூதாசின் இடத்தை நிரப்பச் சீட்டுப் போடும்போது நிறுத்தப்பட்ட இருவரில் ஒருவர் அவர். சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. பிறந்தபோது வைத்த பெயராக இது இருக்க வழியில்லை. வளர்ந்த பிறகு வேதத்தைப் படித்துத் தேர்ந்துகொண்ட பெயர். அப்படியானால் இவர் மதம் மாறி வந்தவர். எங்கிருந்து?

அங்கிருந்து தொடங்கிய தேடல் எனக்குச் சில ஆண்டுகளைத் தின்றது.

முதலில் மிஷன் தாள்களுக்குப் போனேன். திருவிதாங்கூரில் வேலை செய்த சர்ச் மிஷனரி சொசைட்டி, அதாவது சி.எம்.எஸ்., தன் ஊழியர்களின் கடிதங்களையும் அறிக்கைகளையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தது. அவை இன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அந்தச் சங்கத்தின் இதழில் 1882ஆம் ஆண்டு டபிள்யூ.ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற மிஷனரி எழுதிய ஒரு கட்டுரையில் என் ஆள் கிடைத்தார். ஆனால் பாட்டுக்காரராகக் கிடைக்கவில்லை. 'ஆறு ஆண்டுக் கட்சி' என்ற பிரிவினைக் கூட்டத்தின் தலைவராக, கிறிஸ்து வரும் நாளைக் குறித்துச் சொல்லிச் சபையைக் கலைத்த போதகராக நின்றார். பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வாரமும் பாடப்படுபவர், மிஷன் தாளில் குற்றவாளிக் கூண்டில் இருந்தார்.

அடுத்து மலையாளம். 1938இல் வந்த ஒரு சபைச் சரித்திரம் கையில் கிடைத்தது. மலங்கரையின், அதாவது கேரளத்தின், பிரிந்த சபைகளைப் பற்றியது, எழுதியவர் கே.வி. சைமன். சைமன் லேசுப்பட்டவர் அல்ல. 'வேதவிஹாரம்' என்ற காவியம் பாடி மகாகவி என்று பெயர் வாங்கியவர், கர்நாடக இசையில் நல்ல தேர்ச்சி உள்ளவர், தானும் தாய்ச்சபையைவிட்டுப் பிரிந்து வந்தவர். ஒரு பாட்டுக்காரரின் கதையை இன்னொரு பாட்டுக்காரர் சொன்னதால்தான் மிஷன் தாள் தராத மனிதர் எனக்குக் கிடைத்தார். மலையாளிகளின் நாக்கில் இவருக்கு வேறு பெயர்: வித்வான்குட்டி. போதகரான பிறகு வித்வான்குட்டியச்சன். சிறு வயதிலேயே புலமை காட்டிய பிள்ளைக்கு ஊர் சூட்டிய பெயர்.

அதற்கும் அடியில் மூன்றாவது பெயர் ஒன்று இருந்தது. ராமய்யன்.

ஆவணத்தில் தேடுகிறவர்களுக்கு இந்த இடம் தெரியும். மூன்று பெயர், மூன்று பெட்டி. ஆங்கிலப் பெட்டியில் 'ஜஸ்டஸ் ஜோசப்' என்று தேடினால் வித்வான்குட்டி வரமாட்டார். மலையாளப் பெட்டியில் வித்வான்குட்டியைப் பிடித்தால் ராமய்யன் நழுவுவார். வருடக் கணக்கும் சேர்ந்து குழப்பும். பழைய மலையாளக் குறிப்புகளில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். சிங்க மாதத்திலிருந்து டிசம்பர் வரை அதனோடு 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரிக்கு மேல் 825ஐக் கூட்ட வேண்டும். இதை மறந்து கூட்டி, ஒரே நிகழ்ச்சியை இரண்டு வருடங்களில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தேன்.

மூன்று பெயரும் ஒருவரே என்று உறுதியானதும் கதை தெளிந்தது. 1835இல் பிறந்தவர் ராமய்யன். தமிழ்ப் பிராமணக் குடும்பம், பூர்வீகம் பாலக்காடு. தகப்பனார் பெயர் வெங்கடேஸ்வர பாகவதர். பாகவதர் என்ற சொல்லே வீட்டின் தொழிலைச் சொல்லிவிடுகிறது. அந்தக் காலத்தில் பாலக்காட்டு அக்கிரகாரங்களிலிருந்து சங்கீதம் கற்றவர்கள் தெற்கே திருவிதாங்கூருக்கு இறங்கிப் போவது வழக்கம். சுவாதித் திருநாள் மகாராஜாவின் அரசவைக்குப் போய்ப் புகழ்பெற்ற பாலக்காடு பரமேசுவர பாகவதர் 1815இல் பிறந்தவர். ராமய்யனுக்கு இருபது வயது மூத்தவர். பாட்டு தெரிந்த பிராமணனுக்கு ஊட்டுப்புரையில் இலை உண்டு, கோயிலில் வேலை உண்டு, ராஜாவின் காதும் உண்டு. வெங்கடேஸ்வர பாகவதரின் குடும்பமும் அப்படித் தெற்கே போய்க் கொல்லத்துக்கு வடக்கே கருநாகப்பள்ளிப் பக்கம் வேர்விட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வெளியே மலையாளம், ஏட்டில் சமஸ்கிருதம், தொண்டையில் ராகம்.

இந்த வீட்டுக்குள் ஒரு புத்தகம் நுழைந்தது: ஜான் பன்யனின் 'மோட்சப் பயணம்', மலையாளத்தில். இதைப் படித்ததும் நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். இதே புத்தகம்தான் பாளையங்கோட்டைக் கிருஷ்ண பிள்ளையையும் பிடித்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்று, பன்யனின் கதையைக் கம்பனின் நடையில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று பாடியவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. மூன்றே வருடம் கழித்து, 1861இல், மாவேலிக்கரையில் ராமய்யனும் குடும்பத்தாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். மாவேலிக்கரையில் அப்போது இருந்த மிஷனரி ஜோசப் பீட். மலையாள இலக்கணம் எழுதியவர். ராமய்யன் யுஸ்துஸ் யோசேப்பு ஆனார். தம்பிகளும் யுஸ்துஸ் என்பதையே குடும்பப் பெயர்போல முன்னால் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு தனி மனிதர் மாறினால் அது அவருடைய மனமாற்றம். ஒரு பாகவதர் வீடே மாறினால், கூடவே ஒரு சங்கீதம் மாறுகிறது. அதற்கு முன்பும் கேரளக் கிறித்தவர்களிடம் பாட்டு இல்லாமலில்லை. சுரியானி வழிபாட்டின் பழைய ஓதல் இருந்தது. அர்ணோஸ் பாதிரியின் 'புத்தன் பானா' வீடுகளில் படிக்கப்பட்டது. மிஷனரிகள் ஆங்கில மெட்டுக்கு மலையாளச் சொற்களைப் பொருத்தித் தந்தார்கள். ஆனால் திருவிதாங்கூர்க்காரன் அரண்மனை வாசலிலும் கோயில் மண்டபத்திலும் கேட்ட சங்கீதம் கிறித்தவ ஆராதனைக்குள் வந்து உட்காரவில்லை. கர்நாடக ராகத்தில் மலையாளக் கிறித்தவக் கீர்த்தனை என்ற மரபுக்கு முன்னோடி யார் என்று கேட்டால் கேரளத்தார் வித்வான்குட்டியைத்தான் சொல்கிறார்கள். அவர் பெயரில் வழங்கும் 'காந்தனெ காணுவான்' என்ற பாட்டு இன்றும் சபைகளில் உயிரோடு இருக்கிறது.

பாட்டுக் குடும்பங்களை வேறு இடங்கள் மறக்கவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் குடும்பமாகச் சுவிசேஷப் பாட்டுப் பாடித் திரிவது இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெரிய மரபாயிற்று. அலபாமாவில் 1921இல் டாம் ஸ்பியர் தன் மனைவி, சகோதரி, சகோதரியின் கணவர் ஆகியோரோடு நாலு பேராகத் தொடங்கிய ஸ்பியர் குடும்பம் தலைமுறைகளாகப் பாடியது. அவர்களுக்கு இசைத்தட்டு உண்டு, வாழ்க்கை வரலாறு உண்டு, ரசிகர்கள் உண்டு. நம் பக்கத்தில் அதற்கு ஈடான குடும்பம் வேதநாயக சாஸ்திரியாருடையது. 1774இல் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜி மன்னரோடு வளர்ந்து, 'பெத்லகேம் குறவஞ்சி' பாடி, 1864இல் மறைந்தவர். அவர் வாரிசுகள் சாஸ்திரியார் பட்டத்தையும் கதாகாலட்சேபத்தையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தார்கள். மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளை அச்சுப் போட்டபோது, அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. அந்தப் புத்தகத்தின் வழியில் வந்த பாட்டுகள்தான் கம்பம், போடி வழியாக மலையேறிய தோட்டத் தொழிலாளரோடு மூணாறு வரை வந்தன. ஸ்பியர் குடும்பத்துக்கு அமெரிக்கா இருந்தது, சாஸ்திரியார் குடும்பத்துக்குத் தஞ்சாவூர் இருந்தது. பாலக்காட்டுப் பாகவதர் குடும்பத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள எந்த ஊரும் இல்லாமல் போயிற்று. அதற்குக் காரணம் 1881.

அதற்கு முன்னால் 1873ஐச் சொல்ல வேண்டும். யுஸ்துஸ் யோசேப்பு சி.எம்.எஸ். போதகராகக் கருநாகப்பள்ளிக்குப் பக்கத்துக் கன்னேற்றியில் இருந்தார். அந்த வருடம் தமிழ் நாட்டிலிருந்து சுவிசேஷகர்கள் வந்தார்கள். அவர்கள் அருளப்பன் மூட்டிய எழுப்புதலின் பிள்ளைகள். ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் 1810இல் பிறந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கியவர். வெள்ளைக்கார மிஷனின் சம்பளத்தில் வாழாமல் இருந்தவர். 1860இல் அங்கே ஒரு பெரிய எழுப்புதல் கிளம்பியது. சனங்கள் அழுதார்கள், ஆடினார்கள், தரிசனம் கண்டார்கள். அருளப்பன் 1867இல் இறந்துவிட்டார். அந்த மலைக்கு மறுபுறம் இன்றைய இடுக்கி மாவட்டம். மலையைத் தாண்டினால் திருவிதாங்கூர்.

அந்தத் தீ ஏன் முதலில் கன்னேற்றியில் பற்றியது என்பதற்குச் சரித்திரப் புத்தகங்கள் ஆவியானவரின் செயல் என்றோ, உணர்ச்சி வேகம் என்றோ சொல்லிப் போய்விடுகின்றன. எனக்கு ஒரு காரணம் படுகிறது. இந்தத் தேடலில் என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நான் நம்புவது இது ஒன்றைத்தான். வந்தவர்கள் பேசியது தமிழ். கன்னேற்றிப் போதகரின் தாய்மொழி தமிழ். மற்றச் சபைகளில் மொழிபெயர்ப்பாளர் வாயில் ஆறிப்போன பிரசங்கம், இந்த வீட்டில் சூடாக நேரே நெஞ்சுக்குள் போனது. அவர்கள் பாடிய கீர்த்தனையின் கட்டுமானம் பாகவதர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்ட பாட்டின் அச்சிலேயே மலையாளப் பாட்டை வார்க்க அந்தச் சகோதரர்களால் முடிந்தது. எழுப்புதல் கன்னேற்றியிலிருந்து மத்தியத் திருவிதாங்கூரின் சி.எம்.எஸ். சபைகளுக்கும் சுரியானிச் சபைகளுக்கும் பரவியபோது, முன்னால் போனது இந்தக் குடும்பமும் அவர்களுடைய பாட்டும்.

பிறகு நாள் குறித்தார்கள். 1881 அக்டோபர் 2ஆம் தேதி கிறிஸ்து வருவார் என்று 1875இல் அறிவித்தார்கள். சி.எம்.எஸ். யுஸ்துஸ் யோசேப்பை விலக்கியது. நாட்டு மக்கள் இந்தக் கூட்டத்தாரை 'ஐந்தரை வேதக்காரர்' என்றார்கள், மிஷனரிகள் 'ஆறு ஆண்டுக் கட்சி' என்றார்கள்.

பழைய நாட்காட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அக்டோபர் 2 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேரளத்துக்கு அது கன்னி மாதம். மழை கொஞ்சம் விட்டிருக்கும் காலம். பாட்டுக் குடும்பம் அன்று பாடாமலா இருந்திருக்கும்? மணவாளனைக் காணும் தவிப்பை ஆறு வருடமாகப் பாடிய தொண்டைகள். விடிந்தது, பொழுது சாய்ந்தது, யாரும் வரவில்லை. மறுநாள் திங்கட்கிழமை எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஊர் முகத்தில் விழித்த அந்த மனிதர்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. நாள் குறித்தது தவறுதான். அதை மறைக்க நான் வரவில்லை. அந்தத் தவற்றால் குடும்பங்கள் பிளந்தன, சபைகள் உடைந்தன. ஆனால் கேலிப்பொருளாக்கிக் கடந்து போகும் உரிமை நமக்கு இல்லை.

வருகை ஆவிக்குரிய விதத்தில் நடந்தேறிவிட்டது, புது யுகம் தொடங்கிவிட்டது என்று யுஸ்துஸ் யோசேப்பு விளக்கம் தந்தார். 'யுயோமயம்' என்ற பெயரில் தனிச் சபை உருவாயிற்று. அவர் 1887இல் இறந்தார். அந்தச் சபையைச் சேர்ந்த குடும்பங்கள் சில இன்னும் மத்தியத் திருவிதாங்கூரில் இருக்கின்றன.

நாள் தப்பிய பிறகு சபைகள் அந்த மனிதரைத் தள்ளின. பாட்டைத் தள்ள முடியவில்லை. மார்த்தோமாக்காரரும் சி.எம்.எஸ். வழிவந்தவர்களும் பிரதரன்காரரும் அவர் பாட்டுகளை அச்சுப் போட்டார்கள். அவருக்குப் பின் நெய்யாற்றின்கரைப் பக்கத்து மோச வத்சலம் சாஸ்திரிகள், சாது கொச்சுக்குஞ்ஞு உபதேசி, கே.வி. சைமன் என்று அந்தக் கீர்த்தனை மரபு நீண்டது.

பாலக்காட்டுக்கு ஒரு தடவை போய்வந்தேன். கல்பாத்திப் புழையோரம் அக்கிரகாரத் தெருக்களில் நடந்தேன். திண்ணைகள், கோலங்கள், ஒரு வீட்டிலிருந்து மிருதங்கச் சொல். பாலக்காடு மணி ஐயரின் ஊர் இது. வயதான ஒரு மாமாவிடம் கேட்டேன். "நம்ம ஆளா? வேதத்துல சேந்துட்டாரா? கேட்டதில்லையே" என்றார். கோபமில்லை, வியப்புதான். "பாட்டு நன்னா இருக்குமோ?" என்று அடுத்த கேள்வி கேட்டார். கைப்பேசியில் மூணாற்றுப் பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார்.

இதே பாலக்காட்டு மாவட்டத்தில் வாணியங்குளம் இருக்கிறது. 1893இல் பாசல் மிஷன் அனுப்பி வந்த ஜெர்மானியர் வோல்பிரெக்ட் நாகல் அங்கேதான் ஊழியம் செய்தார். அவர் எழுதிய மலையாள மரணப் பாட்டு கேரளம் முழுக்கச் சவ ஊர்வலங்களில் ஒலிக்கிறது. 'நாகல் சாயிப்' என்றால் குழந்தைக்கும் தெரியும். கடல் தாண்டி வந்தவரை நினைவு வைத்திருக்கும் மண், தன் அக்கிரகாரத்திலிருந்து புறப்பட்டவரை மறந்துவிட்டது. மறுபக்கமும் ஒன்றுண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் பாலக்காட்டுக்காரர். அகஸ்டின் ஜோசப்பின் மகனான யேசுதாசை மாணவராக ஏற்றுக்கொண்டவர். பாலக்காட்டுச் சங்கீதத்துக்கும் கிறித்தவத் தொண்டைக்கும் உள்ள உறவை யேசுதாசிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். ஒரு நூற்றாண்டு முன்னால் அதைத் தொடங்கியவர் ராமய்யன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கர்நாடகக் கீர்த்தனைதான் கிறித்தவத் தமிழிசை என்று நான் சொல்லவில்லை. மதுரை இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்டவர், இந்த மேல்சாதிச் சங்கீதம் சேரி மக்களின் ஆராதனையில் உட்கார்ந்திருப்பதைக் கேள்வி கேட்டு, நாட்டுப்புற மெட்டில் பாட்டுகள் செய்தார். 2005இல் மறையும்வரை அவர் விடவில்லை. அவர் கேள்வி நியாயமானது. ஆனால் மூணாற்று லயத்தில் நான் கேட்டது இன்னொன்றையும் காட்டுகிறது. கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களால் தாளம் போட்டுப் பாடும் பெண்கள் பாகவதரின் கமகத்தைத் தேய்த்துத் தெம்மாங்கின் நீட்டலைப் போட்டுக்கொண்டார்கள். பாட்டு அவர்கள் கைக்குப் போன பிறகு அவர்களுடையது.

தமிழ்க் கிறித்தவ இசை வரலாற்றில் யுஸ்துஸ் யோசேப்பு குடும்பத்துக்கு இடம் இல்லை, அவர்கள் எழுதியது மலையாளம் என்பதால். மலையாள வரலாற்றில் இடம் உண்டு. ஆனால் அந்த வீட்டின் தமிழ் அங்கே ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. இரண்டு வரலாறுகளும் இந்தக் குடும்பத்தைப் பாதி பாதியாகத்தான் வைத்திருக்கின்றன. வேதநாயக சாஸ்திரியார் குடும்பத்துக்கு அடுத்த அத்தியாயம் இவர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

அதற்கு இன்னும் தாள்கள் வேண்டும். கேரளத்து ஈரமும் கரையானும் ஒரு தலைமுறைக்கு மேல் எதையும் விட்டுவைப்பதில்லை. 1924 வெள்ளம் மூணாற்றின் ரயில் பாதையையே கொண்டுபோனது, 2018 வெள்ளம் மத்தியத் திருவிதாங்கூரில் அலமாரிகளைக் கொண்டுபோனது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயங்களோடு மனிதர்களே மண்ணுக்குள் போனார்கள், தாள் எம்மாத்திரம். பாலக்காட்டிலோ கருநாகப்பள்ளியிலோ மாவேலிக்கரையிலோ, தேவிகுளம் பீருமேட்டுத் தோட்டங்களிலோ உங்கள் வீட்டுப் பரணில் கையால் எழுதிய பழைய கீர்த்தனை நோட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் எழுதியிருந்தால் அதையும் விடாமல் சேர்த்து, பக்கத்திலுள்ள இறையியல் கல்லூரி நூலகத்துக்கு ஒரு படி கொடுங்கள். பாட்டி பாடிக் கேட்ட மெட்டு நினைவிருந்தால், அவர் இருக்கும்போதே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.